பதினோராவது அடி

ஜனவரி 21

உரக்கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த டைரி இது. பக்கத்துக்கு ஒரு பூச்சிமருந்து விளம்பரம். இன்றைய பக்கத்தில் குருத்துப்புழு சிரித்துக்கொண்டிருக்கிறது. என் ரேஷன் கார்டுப் படத்தைவிட அதற்குக் களையான முகம்.

அணையின் நீர்மட்டப் பதிவேட்டில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. சுண்டுவிரல் அகலம். ‘மழை இல்லை’ என்று எழுதினால் இடம் முடிந்தது. மிச்சத்தை எங்கே கொட்டுவது? அதற்குத்தான் குருத்துப்புழுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆவுடைத்தாய், வயது ஐம்பத்திரண்டு, மஞ்சநூத்து அணையின் பாசன உதவியாளர். இது என் வீட்டுக்காரர் மாடக்கண்ணு பார்த்த வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மதகு மேடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கருணை அடிப்படையில் வேலை எனக்கு வந்தது. அவருடைய காக்கிச் சட்டையும் வந்தது. வேலை சரியாக இருக்கிறது. சட்டைக்குத்தான் பொத்தான் எட்டவில்லை.

காலை ஆறு மணிக்குப் போய் மதகுச் சுவரில் எழுதியிருக்கும் அடிக்கணக்கைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். உத்தரவு வந்தால் சக்கரத்தைத் திருகி மதகைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும். ஐம்பது அடி அணை. இன்று பதின்மூன்று. ஐப்பசியும் கார்த்திகையும் சும்மா வந்து சும்மா போய்விட்டன.

ஜனவரி 30

மழை இல்லை. முழங்கால் வலி மட்டும் மழைக்காலம் மாதிரி.

பிப்ரவரி 5

இன்று அணைக்கரைப் பிள்ளையார் முன்னால் கூட்டம். நம்ம உதவிப் பொறியாளர் ஜெபராஜ் சார் வந்திருந்தார். முப்பது வயதுதான். முடியெல்லாம் கொட்டிவிட்டது, இந்த அணைக்கு மாற்றலாகி வந்தபிறகு கொட்டியதாகச் சொல்கிறார். அணைக்கு ஏற்கெனவே உள்ள கெட்ட பெயர் போதாதா?

தண்ணீர் பன்னிரண்டு அடியில் நிற்கிறது. எட்டைத் தொட்டால் வயலுக்கு ஒரு சொட்டு கிடையாது. அதற்குக் கீழே இருப்பது டவுன்காரர்கள் கோடையில் குடிக்க. ஆக, வயலுக்கு நாலு அடி. இந்த அணையில் முறைத்தண்ணீருக்கு நாள்கணக்கு கிடையாது, அடிக்கணக்குதான். ஒரு அடி இறங்கினால் ஒரு ஊருக்கு ஒரு தண்ணீர். அது பாட்டன் காலத்து ஏற்பாடு. கலெக்டரே வந்தாலும் மாற்ற முடியாது. மடைக்குப் பக்கத்தில் இருக்கும் மேலப்பத்துக்கு இரண்டடி, கடைமடையில் இருக்கும் வெங்கலங்குறிச்சிக்கு இரண்டடி. பயிர் பொதி தள்ளி, கதிர் வரும் பருவத்தில் நிற்கிறது. இரண்டு தண்ணீர் பாய்ந்தால் நெல். ஒன்று குறைந்தால் வைக்கோல்.

யாருக்கு முதல் முறை என்று சீட்டுப் போட்டார்கள். எடுப்பதற்குப் பொதுவான ஆள் வேண்டுமாம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எடுத்தேன். வெங்கலங்குறிச்சி.

வெங்கலங்குறிச்சியில்தான் என் மகள் கோமுவைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

“சம்பந்திக்கு எடுத்துக் குடுத்துட்டாள்ல!” என்று மேலப்பத்துத் தளவாய் பின்னாலிருந்து சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“சீட்டுல வாசன கீசன தடவி வச்சிருந்தியளா மைனி?” என்று என் சம்பந்தி குத்தாலிங்கம் அண்ணாச்சி காதில் கேட்டார்.

“கருவாட்டு வாசன அண்ணாச்சி. உங்க வீட்டு ஞாபகம் வந்துட்டு” என்றேன்.

தளவாய் சிரிப்பை நிறுத்தவில்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 7

காலை மதகைத் திறந்தேன். வினாடிக்குப் பத்து கன அடி. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டதில் பாதி என் சேலையில். வெங்கலங்குறிச்சிக்காரர்கள் தேங்காய் உடைத்தார்கள். அண்ணாச்சி வாய்க்காலில் இறங்கி முதல் தண்ணீரைக் கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். மூன்று ஏக்கர் அவருக்கு. பயிர் வீடு வந்தால் மாடியில் ஒரு அறை கட்டி மகனையும் மருமகளையும் அங்கே வைப்பதாகத் திட்டம். கோமுவுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்பதுகூட முடிவாகிவிட்டது. வராவிட்டால் இருவரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு.

பிப்ரவரி 12

தண்ணீர் பத்தில் நிற்கிறது. பதிவேட்டில் ‘10’ என்று எழுதினேன். சாருக்கு போன் செய்தேன். மூடச் சொன்னார். மூடினேன்.

இரண்டடி ஐந்தே நாளில் இறங்கிவிட்டது. ஒரு அடிக்கு ஐந்து நாள் ஆகும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பதினொன்றை எப்போது தாண்டியது என்று எனக்கு நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் அயர்ந்துவிட்டேன், அப்போது தாண்டியிருக்கும்.

பிப்ரவரி 13

ஞாயிற்றுக்கிழமை நான் அயரவில்லை.

ஒரு கயிற்றில் குண்டுக்கல் கட்டி, டேப்பை வைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறக்கிப் பார்த்தேன். மூன்று தடவை. பத்து என்று எழுதியிருக்கும் கோட்டில் இருப்பது பதினொரு அடி.

சுவரில் பதினொன்று என்ற எண்ணே இல்லை. பன்னிரண்டு, அதற்கு அடுத்த கோடு பத்து.

நாலு வருஷத்துக்கு முன்னால் மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று சுவருக்கு வெள்ளையடித்து எண் எழுதச் சொன்னார்கள். பெயிண்டர் எதற்கு, நானே எழுதுகிறேன் என்று என் வீட்டுக்காரர் கயிற்றில் தொங்கிக்கொண்டு மேலிருந்து கீழாக எழுதினார். கோடைகாலம், தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்தது. பன்னிரண்டு எழுதி முடித்த சமயம் நான்தான் கரையில் நின்று, “குழம்பு ஆறுது, ஏறி வாங்க” என்று கத்தினேன். சாளைக் கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டு, ஒரு வாய் வெற்றிலை போட்டு, மறுபடி இறங்கிப் பத்து என்று ஆரம்பித்திருக்கிறார் மனுஷன். அந்த வருஷம் பெய்த மழைக்குப்பின் தண்ணீர் பதினைந்துக்குக் கீழே இறங்கவே இல்லை. யார் பார்த்தது?

ஆக, பன்னிரண்டுக்குக் கீழே சுவர் சொல்வதைவிட ஒரு அடி கூடுதலாகவே இருக்கிறது. வெங்கலங்குறிச்சிக்குப் போனது இரண்டடி இல்லை, ஒன்றுதான்.

நாளை சாரிடம் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 14

மேலப்பத்து முறை. மதகைத் திறந்தேன். சார் வந்திருந்தார். பக்கத்தில் தளவாய் நின்றார். சார் தலையைச் சொறிந்துகொண்டே, “அக்கா, அஞ்சு நாள்ல ரெண்டடி போயிருக்கே. அளவு சரியாத்தானே பாத்தீங்க?” என்றார்.

வாய்வரை வந்தது. தளவாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “சம்பந்தி ஊருக்கு இன்னும் ஒரு அடி பாக்கி இருக்கு” என்று நான் சொன்னால் இந்த மனுஷன் எப்படிச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியும். செத்துப்போனவருக்கு எண்ணத் தெரியாது என்பது இரண்டு ஊருக்கும் கதையாகிவிடும்.

“என் கண்ணு நல்லாத்தான் இருக்கு சார். உங்க தலையில மிச்சம் எத்தன முடின்னு இங்க இருந்தே சொல்லிருவேன்” என்றேன்.

தளவாய் சிரித்தார். சார் அசடு வழிந்தார். ‘கசிவு, முறைகேடான எடுப்பு’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மேலப்பத்து முறை முடியட்டும், சொல்லிவிடுகிறேன். தண்ணீர் எங்கே ஓடிவிடப்போகிறது?

பிப்ரவரி 18

‘முறைகேடான எடுப்பு’ என்று அதிகாரி எழுதியது வெங்கலங்குறிச்சி டீக்கடைக்கு எப்படிப் போனதோ, போய்விட்டது. இன்று இருபது பேர் வாய்க்காலோரமே ஏறி வந்திருக்கிறார்கள். தளவாயின் வயலோரம் ஒரு பழைய குழாய் கிடந்திருக்கிறது. தூர்ந்து ஓணான் குடியிருந்த குழாய். அதை வைத்துத்தான் எங்கள் தண்ணீரைக் குடித்தாய் என்று மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் தளவாயின் வலது முன்கை இரண்டாக உடைந்துவிட்டது.

வேனில் ஏற்றும்போது நான் கரையில் நின்றேன். “நா எடுக்கல தாயி. நீ தெனம் பாக்கியே, நீ சொல்லு. நா எடுக்கலன்னு சொல்லு” என்றார்.

“எல்லாம் சரியாப் போயிரும் அண்ணாச்சி” என்றேன்.

பிப்ரவரி 19

காலையில் இட்லி. மத்தியானம் அதே இட்லியை உதிர்த்து உப்புமா. மாலையில் அதையும் கோழிக்குப் போட்டேன். கோழியும் யோசித்துத்தான் தின்றது.

பிப்ரவரி 22

இப்போது பேச்சு மாறிவிட்டது. மேலப்பத்துக்குத் தண்ணீர் எட்டு நாளாக ஓடிக்கொண்டே இருக்கிறது, எங்களுக்கு மட்டும் ஐந்தா என்று வெங்கலங்குறிச்சியில் கேட்கிறார்களாம். ஆவுடை மேலப்பத்துக்கு விலை போய்விட்டாள் என்று கோயிலில் வைத்தே பேச்சு. போன வாரம் சம்பந்திக்காரி, இந்த வாரம் மேலப்பத்துக்காரி. ஒரே மாதத்தில் இரண்டு கட்சியிலும் என்னைச் சேர்த்துவிட்டார்கள். தேர்தலில் நின்றால் ஜெயிப்பேன்.

கோமுதான் போனில் சொன்னாள். “மாமா கூட்டத்துல எந்திச்சு என்னமாப் பேசுனாவ தெரியுமாம்மா? ‘எங்க மைனி அளவுல ஒரு நூல் தப்பாது, அவியளப் பத்திப் பேசுதவன் எம்மூஞ்சில முழிக்காத’ன்னு. ஒருத்தனும் வாயத் தொறக்கல.”

“அப்படியா” என்றேன்.

“என்னம்மா சொரத்தே இல்ல?”

“தொண்ட கட்டிருக்குட்டி.”

பிப்ரவரி 24

சுவரில் எட்டு. மதகை மூடியாயிற்று. சார் பூட்டுப் போட்டு அரக்கு வைத்து முத்திரை குத்தினார். இனி இதைக் கலெக்டர் உத்தரவு இல்லாமல் திறக்கக் கூடாது.

உள்ளே இருப்பது ஒன்பது.

பிப்ரவரி 25

குத்தாலிங்கம் அண்ணாச்சி வந்தார். செருப்பை வெளியே விட்டார். சம்பந்தி வீட்டுக்கு எப்போதும் செருப்போடு தாழ்வாரம் வரை வந்து, நான் திட்டியபிறகுதான் கழற்றுவார்.

கையில் ஒரு கதிர். நகத்தால் ஒரு மணியை நசுக்கிக் காட்டினார். வெள்ளையாகப் பால் வந்தது.

“பால் புடிச்சிட்டு மைனி. இந்த வாரத்துக்குள்ள ஒரு தண்ணி. ஒண்ணே ஒண்ணு. ஒரு அடி தொறந்தாப் போதும். சார்ட்ட நீங்க சொன்னாக் கேப்பாரு. உங்க வார்த்தைக்கு அங்க மதிப்பு இருக்கு.”

“சீல் வச்சாச்சே அண்ணாச்சி.”

“கலெக்டர் ஆபீசுக்கு எழுதச் சொல்லுங்க. ஊரே கையெழுத்துப் போடுதோம்.”

“அந்த ஒரு அடி சித்திரைல டவுன்காரன் குடிக்கதுக்கு அண்ணாச்சி. பச்சப் புள்ளையள்லாம் இருக்கு.”

“எந்த ஒரு அடி?”

“பொதுவாச் சொன்னேன்” என்றேன். “காப்பி போடட்டா?”

குடித்தார். சீனி போட மறந்துவிட்டேன், அவரும் கேட்கவில்லை.

நான் சொன்னதில் தப்பு இல்லை. நெல் ஒரு போகம் போனால் அடுத்த போகம். டவுனில் பத்தாயிரம் வீடு. குடிதண்ணீருக்கு ஒரு அடி கூடுதலாகக் கையில் இருப்பது நல்லதுதானே. யாராவது ஒருவர் முன்யோசனையாக இருக்க வேண்டாமா? அது நானாக இருந்துவிட்டுப் போகிறேன்.

பிப்ரவரி 26

நன்றாக யோசித்துவிட்டேன். டவுனுக்குத்தான்.

பிப்ரவரி 27

சாருக்கு போன் போட்டேன். எடுத்தார். “சக்கரத்துக்கு கிரீஸ் தீந்துட்டு சார்” என்றேன்.

மார்ச் 6

கிடைக்காரர்களை வரச்சொல்லி வயலில் ஆட்டை இறக்கிவிட்டார்களாம். வெங்கலங்குறிச்சி முழுக்கச் சாவி. ஊதினால் பறக்கிற நெல். கோமு போனைப் பிடித்துச் சத்தத்தைக் கேட்கவைத்தாள். ஆயிரம் ஆடு காய்ந்த கதிரை மெல்லும் சத்தம். முதலில் மழை பெய்கிறது என்று நினைத்தேன்.

“மாமா வரப்புல நின்னு ஆட்ட எண்ணிட்டு இருக்காவம்மா. எதுக்குன்னு தெரியல. யார் ஆடோ.”

மார்ச் 15

கோமுவும் மாப்பிள்ளையும் திருப்பூர் போகிறார்கள். தென்காசி ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பினேன். முறுக்கு, ஊறுகாய், ஒரு தலையணை. “போய் எனக்கு நாலு பனியன் அனுப்பு, இந்தக் காக்கிச் சட்டைக்கு உள்ள போட” என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

மார்ச் 20

மழை இல்லை. சுவரில் ஏழு.

மார்ச் 31

ஆறரை.

மதகைத் திறக்கவே இல்லை. எட்டிலிருந்து ஆறரை என்றால் ஒன்றரை அடி எங்கே போனது? சாருக்கு போன் செய்தேன்.

“டவுனுக்குக் குழாய்ல போனது அரை அடி அக்கா.”

“மிச்சம்?”

“வெயில்தான். ஆவியாப் போயிரும். இந்த வெயிலுக்கு மாசத்துக்கு ஒரு அடி கணக்கு. நம்ம கையில என்ன இருக்கு?”

சரியாக ஒரு அடி. கணக்குப் பிசகவே இல்லை.

தளவாய்க்குக் கொடுக்கவில்லை. சம்பந்திக்குக் கொடுக்கவில்லை. டவுன்காரனுக்கு என்று சொல்லிக்கொண்டு பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். மேலே இருந்து ஒருத்தன் தினமும் உறிஞ்சிக் குடித்துவிட்டுப் போயிருக்கிறான், என் கண் முன்னாலேயே. நான் தினமும் ஆறு மணிக்குப் போய் அவன் குடித்த அளவை எழுதிவைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 16

ஐந்து.

மே 2

மூன்றரை. மீன் செத்து மிதக்கிறது. கரையில் காக்காய் கல்யாணக் கூட்டம்.

மே 17

டவுன் குழாய் சேற்றை இழுக்கிறது. மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். இனி லாரித் தண்ணீர்.

மே 24

அணை காய்ந்துவிட்டதால் விவசாயிகள் வண்டல் மண் எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. காலையிலிருந்து டிராக்டர்கள். குத்தாலிங்கம் அண்ணாச்சியும் வந்திருந்தார். தளவாயும். கை கூடிவிட்டது, ஆனால் கோணலாக. மண்வெட்டியை இடது கையால் பிடிக்கிறார். இரண்டு ஊர்க்காரர்களும் பேசிக்கொள்ளாமல் ஒரே குழியில் வெட்டினார்கள்.

அணை காலியாக இருக்கும்போதே சுவர் எண்களைப் புதிதாக எழுதிவிடலாம் என்று ஜெபராஜ் சார் ஒரு பெயிண்டரைக் கூட்டி வந்தார். அந்த ஆள் சாரம் கட்டி, டேப்பைத் தரையிலிருந்து பிடித்துக்கொண்டு ஏறினான். பாதியில் நின்றான்.

“சார், இங்க பதினொண்ணு வரணும். பத்துன்னுல்லா எழுதிருக்கு. பத்துக்கு மேல நேராப் பன்னெண்டு. கீழ பூராவும் ஒண்ணு ஒண்ணு கொறச்சலா எழுதிருக்கு.”

மண்வெட்டிகள் நின்றன.

சார் டேப்பை வாங்கித் தானே அளந்தார். முகம் வெளுத்துவிட்டது. தளவாய் நல்ல கையின் விரல்களை மடக்கி எண்ணினார். “பன்னெண்டுல இருந்து பத்து... அப்ப அவங்களுக்குப் போனது ஒரு அடிதான். தண்ணிய யாரும் எடுக்கல.” கோணல் கையைப் பார்த்தார்.

“இன்னொரு அடி உள்ளயேவா கெடந்துது?” என்று வெங்கலங்குறிச்சிக்காரர் ஒருவர் கேட்டார்.

எல்லோரும் மேலே, கரையில் நின்ற என்னைப் பார்த்தார்கள். சீட்டு எடுத்த அன்று பார்த்த மாதிரியே.

“அக்கா, நீங்க கவனிக்கலையா?” என்றார் சார்.

இதுதான் கடைசி வாய்ப்பு என்று எனக்குத் தெரிந்தது.

“கண்ணாடி மாத்தணும் சார். எதுக்க வாறது எருமையா எம்மவளான்னே தெரிய மாட்டேங்கு.”

சிரித்துவிட்டார்கள். இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தது. யாரோ, “மாடக்கண்ணு அண்ணாச்சி எப்பவும் அவசரக்காரருல்லா” என்றார்கள். பழி அவர்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுபோனேன். குத்தாலிங்கம் அண்ணாச்சிக்குச் சீனி தூக்கலாக. கையில் வாங்கிக்கொண்டு டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு ‘அந்த ஒரு அடி’ன்னு சொன்னிய, மைனி” என்றார். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் அடுத்த ஆளுக்கு டம்ளரை நீட்டினேன்.

அவர் டீயைக் குடிக்காமல் கரைச்சுவரில் வைத்துவிட்டு மண் ஏற்றிய டிராக்டரில் ஏறிப் போய்விட்டார். மாலை வரை அது அங்கேயே இருந்தது. ஆடை படிந்து, அதில் ஒரு எறும்பு.

மே 27

பெயிண்டர் வேலையை முடித்துவிட்டான். வெள்ளைச் சுவரில் கறுப்பு எழுத்து. ‘11’ மற்ற எண்களைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. எனக்கு மட்டும்தானோ என்னவோ.

காலை ஆறு மணிக்குப் போனேன். தண்ணீர் இல்லை. எண்கள் எல்லாம் இருக்கின்றன, ஒன்று விடாமல். பதிவேட்டில் நீர்மட்டம் ‘பூஜ்யம்’ என்று எழுதினேன். பக்கத்தில் குறிப்புக் கட்டம். சுண்டுவிரல் அகலம்.

‘எனக்குத் தெரியும்.’ இரண்டே சொல். எழுதியிருந்தால் இடம் சரியாக இருந்திருக்கும்.

‘மழை இல்லை’ என்று எழுதிவிட்டு வந்தேன்.